ஒட்ராண்டோ கோட்டையும் அதன் வாசகரும்

ஆங்கிலப் பேய்க்கதைப் புதினங்களுக்கு முன்னோடியெனக் கொள்ளப்படும் 'ஒட்ராண்டோ கோட்டை' 1764-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ஓரேசு வால்போல் தம் பெயரை மறைத்து, பழைய இத்தாலிய நூலொன்றின் மொழிபெயர்ப்பெனவே அதனை வழங்கினார். 'மந்த்லி ரெவ்யூ' என்னும் திங்களிதழ், பேய்களைப் பழங்காலத்தார் நம்பிக்கையெனப் பொறுத்து, நூலைப் பாராட்டிற்று. 1765-இல், 'காதிக் கதை' என்னும் துணைப்பெயர் தாங்கிய இரண்டாம் பதிப்பில் உண்மை வெளிப்பட்டது. அவ்விதழே, தெளிந்த காலத்துப் புலவரொருவர் இத்தகைய பேதைமைகளைப் புனைவதா எனக் கடிந்தது. கதை மாறவில்லை, மாறியது ஆசிரியரின் காலம் ஒன்றே! எனவே அவ்விதழ் அளந்தது நூலையன்று, அதன் பழமையையே என நாம் துணிகின்றோம்.

கேம்பிரிட்சில் தாமும் நண்பரும் இரவில் படுக்கைக்குச் செல்லவே அஞ்சியதாகக் கவிஞர் தாமசு கிரே மடல் எழுதினார்.

கிளாரா ரீவு 1778-இல் கண்ட குறையோ வேறு. பேய் வரலாம், ஆயின் நூறு பேர் சுமக்கும் வாளும், சட்டத்தினின்று இறங்கி நடக்கும் ஓவியமும், மாபெருந் தலைக்கவசமும் அளவு கடந்து நகைப்பை விளைவிக்கின்றன என்றார். வாளைப் பொறுத்தவரை நாமும் உடன்படுகின்றோம். தலைக்கவசமோ விலக்கற்பாலதன்று. மணநாளில் அது வீழ்ந்து மகனை நசுக்கியதனாலன்றோ மான்பிரெடு, மருமகளாகற்குரிய இசபெல்லாவைத் தானே மணக்க முனைகின்றான்? காதற்கதையும் அச்சக்கதையும் அவ்விடத்தே பிணைகின்றன. ரீவு அடக்கமாக எழுதிய பேய்க்கதையை வால்போல் சுவையற்றதென இகழ்ந்தார்.