பழைய காரும் டேர்போ எஞ்சினும்

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி தடைப்பட்டது; தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ருவரியில். அவ்வைந்தாண்டும் உள்ள காரைப் பேணுவதே நமக்கு உற்ற வழியாயிற்று. படகு எஞ்சினைக் கழற்றிப் பூட்டும் கைகள் நிறைந்த கல்முனை, சாய்ந்தமருதுக் கரையிலே, வீட்டுக் கொட்டகையில் பழைய காருக்கு டேர்போ எஞ்சின் ஏற்ற இளைஞர் ஆசைப்படின் அதில் வியப்பென்ன?

டேர்போ என்பது யாது? சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. வீணே வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாய் எரியும், வலு பெருகும். வெப்பமும் உடன் பெருகும். நிமிடத்துக்கு ஓரிலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும் அத்தண்டைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. கடும் ஓட்டத்தின்பின் சற்றே ஆறவிடாது எஞ்சினை நிறுத்தினால் அவ்வெண்ணெய் கருகும்.

1956இல் வந்த மொறிஸ் மைனர் 1000 காரின் எஞ்சின் 37 குதிரைவலு, பிரேக்கும் அதற்கேற்றதே. அதில் நூறு குதிரைவலுவை ஏற்றி, ஜும்ஆவுக்குச் செல்லும் கூட்டம் நிறைந்த அக்கரைப்பற்று வீதியில் ஓடுவது எங்ஙனம்? முதலில் பிரேக், அடுத்து ரேடியேற்றர், அதன் பின்னரே எஞ்சின் என்போம் நாம். பதிவுப் புத்தகத்திலுள்ள எஞ்சின் இலக்கத்தையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிக்கொள்ளல் வேண்டும்.