மணி அடித்தால் "இண்டர்நெட்" நின்றது ஏன்?

ஒரே கம்பியில் பேச்சும் படமும் வரும் விதம்

"அம்மா, நல்லா இருக்கியா? சாப்..."

அவ்வளவுதான்! கம்ப்யூட்டரில் தெரிந்த அண்ணன் முகம் அப்படியே நின்றுவிட்டது. அடுப்படியில் டெலிபோன் மணி மட்டும் அடித்துக்கொண்டு இருந்தது.

இது 2009-ம் ஆண்டில் எங்கள் வீட்டில் நடந்தது. அண்ணன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய் இருந்தார். ஞாயிறுதோறும் இரவு 8 மணிக்கு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவார். அம்மா தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு 7 மணிக்கே தயாராகி விடுவார்.

ஆனால், அத்தைக்கும் அந்த 8 மணிக்குத்தான் ஓய்வு கிடைக்கும். அவர் டெலிபோன் செய்வார். உடனே இண்டர்நெட் அறுந்துவிடும்!

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார், அம்மா. நான்காவது வாரம், "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டார்.

"என் அண்ணன் வீட்டுக்கு நான் போன் பண்ணக்கூடாதா, அண்ணி?" என்று கேட்டு, அத்தை போனை வைத்துவிட்டார். பிறகு ஒரு மாதம் பேச்சே இல்லை.

குற்றவாளி யார்?

குற்றம் அத்தை மேலும் இல்லை. அம்மா மேலும் இல்லை. தீப்பெட்டி அளவே உள்ள ஒரு சிறு பெட்டி எங்கள் வீட்டில் இல்லாததுதான் காரணம்!

முன்பு இண்டர்நெட் பார்த்தால் டெலிபோன் பேச முடியாது. இந்தக் குறையைப் போக்கியது "பிராட்பேண்ட்". நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். இந்த சேவையை 2005-ம் ஆண்டில் தொடங்கியது.

கம்பி ஒன்றுதான். இரண்டு வேலை எப்படி நடக்கிறது?

நாம் டெலிபோனில் பேசும்போது, கம்பியில் விநாடிக்கு சுமார் 300 முதல் 3,400 அதிர்வுகள் வரை போகின்றன. "மோடம்" இந்தப் பாதைக்கே வருவது இல்லை. விநாடிக்கு சுமார் 25 ஆயிரத்தில் தொடங்கி, 11 லட்சம் அதிர்வுகள் வரை உள்ள பாதையை அது எடுத்துக்கொள்கிறது. கீழ்ப் பாதையில் பேச்சு; மேல் பாதையில் இண்டர்நெட்!

வீட்டில் நாம் அனுப்புவது கொஞ்சம், வாங்குவது அதிகம். ஆகவே வருவதற்கு அகலப் பாதை, போவதற்கு ஒடுக்கப் பாதை போதும் என்று யோசனை சொன்னவர், அமெரிக்க என்ஜினீயர் ஜோசப் லெக்லைடர். இவர் 2015-ம் ஆண்டில் காலமானார்.

சல்லடை

இரண்டு பாதைகளையும் பிரித்து வைப்பதுதான் அந்தச் சிறு பெட்டி. "ஸ்பிளிட்டர்" அல்லது "பில்டர்" என்பார்கள். சல்லடை தவிட்டை நிறுத்தி மாவை விடுவதுபோல, இது மேல் பாதை அதிர்வுகளை நிறுத்தி, பேச்சை மட்டும் டெலிபோனுக்கு விடும்.

மாட்டுவது எளிது. வெளியே இருந்து வரும் கம்பியை ஸ்பிளிட்டரில் "லைன்" என்ற துளையில் செருக வேண்டும். "போன்" என்ற துளையில் இருந்து டெலிபோனுக்கு ஒரு ஒயர்; "மோடம்" என்ற துளையில் இருந்து மோடத்துக்கு ஒரு ஒயர். பிறகு மின்சாரம் கொடுத்தால், மோடத்தில் "டி.எஸ்.எல்." விளக்கு மினுக்கும். ஓரிரு நிமிடத்தில் மினுக்காமல் நின்று எரிந்தால், எக்ஸ்சேஞ்சுடன் தொடர்பு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். கம்பெனி கொடுத்த பெயரையும், ரகசியச் சொல்லையும் மோடத்தில் பதித்தால் வேலை முடிந்தது.

அடுப்படி போன்

எங்கள் வீட்டு கூடத்தில் ஸ்பிளிட்டர் சரியாகத்தான் இருந்தது. பிறகு ஏன் தகராறு?

லைன்மேன் வந்தார். கூடத்தைப் பார்த்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனார்.

"சார், இந்த போனுக்கு பில்டர் எங்கே?" என்று அப்பாவிடம் கேட்டார்.

அம்மாவின் வசதிக்காக அப்பா முன்பு இழுத்த இரண்டாவது போன் அது! ஸ்பிளிட்டருக்கு முன்பே அந்த ஒயர் பிரிந்து போயிற்று. மணி அடித்தாலும், போனை எடுத்தாலும் கம்பியில் ஏற்படும் குலுக்கல் நேராக மோடத்தைத் தாக்கியது.

ஒரு பில்டர் மாட்டினார். ஐந்து நிமிட வேலை!

கவனிக்க வேண்டியவை

இன்று பல வீடுகளுக்கு கண்ணாடி இழை வந்துவிட்டது. அதற்கு ஸ்பிளிட்டர் வேண்டாம். பழைய செம்புக் கம்பியிலேயே இண்டர்நெட் வைத்திருப்பவர்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

ஒவ்வொரு டெலிபோனுக்கும் பில்டர் வேண்டும். ஒன்று விட்டாலும் கெடுதல்.

பேசும்போது "இஸ்" என்று இரைச்சல் கேட்டால், பில்டரைப் பாருங்கள்.

ஒயரில் ஒட்டுப் போட்ட இடங்களைக் குறையுங்கள். எக்ஸ்சேஞ்சு தூரமானால் வேகமும் குறையும்.

இடி, மின்னல் வரும் முன்பே மோடத்தின் டெலிபோன் ஒயரையும், மின்சார ஒயரையும் கழற்றி விடுங்கள்.

8 மணி

அடுத்த ஞாயிறு அம்மாவே அத்தைக்கு டெலிபோன் செய்தார். "8 மணிக்குக் கூப்பிடு" என்றார்.

மணி அடித்தது. அண்ணன் முகம் அசையாமல் நிற்கவில்லை, சிரித்தது!

அம்மா போனை கம்ப்யூட்டர் பக்கம் நீட்டினார்.

"அத்தை, நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று அண்ணன் முழுதாகக் கேட்டு முடித்தார்.