படகில் ஏறுமுன் கேளுங்கள்: தீவகச் சுற்றுலா செல்லும் குடும்பங்களின் உரிமைகள்

நயினாதீவில் ஆனித் திருவிழா, பாடசாலை விடுமுறை, வெளிநாட்டு உறவுகள் வந்திறங்கும் நாட்கள் எல்லாம் அடுத்தடுத்து வரும் காலத்தில் குறிகட்டுவான் இறங்குதுறையில் கால் வைக்க இடமிருக்காது. நாகபூஷணி அம்மனைக் கும்பிட வருவோர், நாகதீப விகாரைக்குத் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வருவோர், நெடுந்தீவுக் குதிரைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வருவோர் என எல்லோரும் அந்த ஒரே துறையில்தான் படகுக்குக் காத்து நிற்கிறார்கள். வெயில் ஏறுகிறது, குழந்தை அழுகிறது, அம்மம்மாவுக்குக் கால் வலிக்கிறது. "வந்தது வந்திட்டம், இதிலேயே ஏறுவம்" என்று யாரோ சொல்ல, குடும்பம் முழுவதும் ஏறிவிடுகிறது. படகில் எத்தனை பேர், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா, திரும்பி வரும் படகு எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை.

ஏறுமுன் கேட்பதும், திருப்தியில்லாவிட்டால் ஏற மறுப்பதும் பயணியின் உரிமை. கடலில் ஏதும் நடந்த பிறகு மிஞ்சுவது முறைப்பாடும் இழப்பீடும்தான். ஆகவே தீவகம் செல்லும் ஒவ்வொரு குடும்பமும் தன் உரிமையைக் கரையிலேயே பயன்படுத்த வேண்டும்.

ஒரு நாளுக்கு எவ்வளவு?

அவசரத்தின் முதல் காரணம் பிழையான திட்டம். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவானுக்கு 776 இலக்க பஸ்ஸில் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். அங்கிருந்து நயினாதீவுக்குக் கடற்பயணம் இருபது நிமிடத்துக்குள் முடியும். நெடுந்தீவுக்கோ ஏறத்தாழ ஒரு மணி நேரம். நயினாதீவுக்குப் படகுகள் அடிக்கடி ஓடுகின்றன. நெடுந்தீவுக்கு ஒரு நாளில் ஓடும் சேவைகள் குறைவு. திரும்பி வரும் படகைத் தவறவிட்டால் இரவு தீவில்தான்.

ஆகவே சிறுபிள்ளைகளும் முதியவர்களும் உள்ள குடும்பம் இரண்டு தீவையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். நெடுந்தீவு என்றால் அதற்கு ஒரு முழு நாள். நயினாதீவு என்றால் காலையில் கோயிலுக்குப் போய், அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு, மதியம் கரை திரும்பி, ஊர்காவற்றுறைக்குப் போகலாம். அங்கிருந்து காரைநகருக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபை நடத்தும் மிதவைப் பாதை, பயணிகளிடம் கட்டணம் வாங்காத சேவை. கடற்கோட்டையைப் பார்த்தபடியே கடந்து, பொன்னாலைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் திரும்பலாம். பாதை பழுதடைந்து நிற்கும் நாட்களும் உண்டு. அன்று ஓடுகிறதா என்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பார்த்துப் புறப்படுங்கள்

தீவகத்துக் கடலைத் தீர்மானிப்பவை இரண்டு காற்றுகள். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம், மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடை. நெடுந்தீவுக் கடல் திறந்த கடல் என்பதால் சோளகத்தில் அலை பலமாக எழும். பெரும்பாலான குடும்பங்கள் போகும் ஆடி, ஆவணி விடுமுறை அந்தச் சோளக காலத்துக்குள்தான் வருகிறது. புறப்படும் முன் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிவித்தலைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலும் கேட்கலாம். "இண்டைக்குக் கடல் சரியில்லை" என்று படகோட்டியோ கடற்படையினரோ சொன்னால் அவர்களோடு வாதாட வேண்டாம். லீவு முடிகிறது என்பதற்காகக் கடல் அடங்காது.

படகு ஏன் கவிழ்கிறது?

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் ஒரு மிதவைப் பாதை கவிழ்ந்தது. புதிய பாலம் கட்டும் வேலை நடந்த இடத்தில் தனியார் ஓட்டிய பாதை அது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டார்கள். அந்தச் சேவைக்கு அனுமதி கொடுத்தது தொடர்பில் நகரசபைத் தலைவரும் கைது செய்யப்பட்டார். அனுமதி வழங்கும் கைக்கும் பொறுப்புண்டு என்பதை இந்த நாடு அன்று கண்டது.

அயல்நாடான இந்தியாவிலும் இதே கதைதான். 2011 நத்தார் தினத்தன்று பழவேற்காட்டில் உலாப்போன குடும்பங்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆளேற்றி இருட்டிய பின்னும் ஓடிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. 2009 செப்டெம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு சரிந்து 45 பேர் மாண்டனர்.

முக்கிய காரணங்கள் இரண்டு. ஆள் கூடக் கூடப் படகு தண்ணீரில் தாழ்கிறது, விளிம்புக்கும் அலைக்கும் இடையே உள்ள உயரம் குறைகிறது. ஆட்கள் எழுந்து நின்றாலோ, கூரையில் ஏறினாலோ, படம் எடுக்க ஒரு பக்கம் ஒதுங்கினாலோ பாரத்தின் மையம் உயர்ந்து அல்லது விலகி, சிறிய அலைக்கே படகு சரிந்துவிடும். முதலாவது காரணம் படகுக்காரரின் கையில் இருக்கிறது. இரண்டாவது நம் கையில்.

ஏறுமுன் ஐந்து கேள்விகள்

1. இந்தப் படகில் எத்தனை பேர் ஏற்றலாம், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? அனுமதித்த தொகை படகில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக இருந்தால் அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

2. எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கிறதா? மூலையில் குவித்து வைத்த அங்கி ஆபத்தில் யாருக்கும் உதவாது. படகு புறப்படுமுன் அணிந்து வாரை இறுக்குங்கள். பெரியவரின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது தலைக்கு மேலாகக் கழன்றுவிடும். பிள்ளை அளவு அங்கி கேளுங்கள்.

3. வெளியேறும் வழி எங்கே? நயினாதீவுப் படகுகள் பலவற்றில் பயணிகள் தட்டுக்குக் கீழே நெருக்கமாக அமர்கிறார்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் வாசலுக்கு அருகில் இருத்துங்கள்.

4. படகின் பதிவு இலக்கம் என்ன, காப்புறுதி உண்டா? இலக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பெயர் பதிந்தால் எல்லோருடைய பெயரையும், கைக்குழந்தையின் பெயர் உட்பட, சரியாகக் கொடுங்கள். தேடவேண்டி வந்தால் அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

5. கடைசிப் படகு எத்தனை மணிக்கு? அதற்கு முந்தைய படகில் திரும்புவதாகத் திட்டமிடுங்கள். கடைசிப் படகில்தான் நெரிசல் அதிகம்.

காசு வாங்கிக்கொண்டு, பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மீறிப் பாரமேற்றிய கலத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். விபத்து நடக்கும்வரை பொலிஸார் காத்திருக்கத் தேவையில்லை. நீங்களும் காத்திருக்கத் தேவையில்லை. துறையில் நிற்கும் கடற்படையினரிடமோ 119 இலக்கத்திலோ அந்த நேரத்திலேயே சொல்லலாம்.

தரையிலும் அவதானம்

பண்ணைப் பாலத்திலும் வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் பாலத்திலும் இரு பக்கமும் கடல், பக்கக் காற்று பலம். மோட்டார் சைக்கிளில் போவோர் இருவரும் தலைக்கவசம் அணிய வேண்டும். ஓட்டோவில் மூன்று பேருக்கு மேல் ஏற வேண்டாம். நெடுந்தீவில் கோட்டை, பெருக்குமரம், புறாக்கூடு என்று சுற்றிக்காட்ட ஓட்டோவும் பிக்கப்பும் கிடைக்கும். பிக்கப்பின் பின்புறத்தில் பிள்ளைகளை நிற்க வைத்து ஓட்டுவது அங்கே சாதாரணமாகிவிட்டது. குண்டும் குழியுமான வீதியில் ஒரு உலுக்கலே ஒரு பிள்ளையை வெளியே வீசப் போதும். வாடகைக்கு ஓடப் பதியாத வாகனம் விபத்துக்குள்ளானால் காப்புறுதி மறுக்கப்படவும் இடமுண்டு.

சாட்டி, கசூரினா கடற்கரைகளில் குளிக்கும்போது ஒரு பெரியவர் கரையில் நின்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கைபேசியைப் பார்த்தபடி இருப்பது காவல் ஆகாது.

நெரிசலான பஸ்ஸிலும் படகிலும் பெண்களிடம் அத்துமீறுவோர் உண்டு. பாலியல் துன்புறுத்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். "பேசாமல் வா" என்று பிள்ளையை அடக்காதீர்கள். சாரதியிடமும் நடத்துநரிடமும் உரத்துச் சொல்லுங்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 ஆகிய உதவி இலக்கங்கள் இருக்கின்றன.

காசும் பற்றுச்சீட்டும்

ஓட்டோ, பிக்கப், சாப்பாடு எதுவானாலும் விலையை முன்கூட்டியே பேசி முடியுங்கள். "எத்தனை இடம், எத்தனை மணி நேரம், எல்லோருக்குமா ஒருவருக்கா" என்ற மூன்றையும் கேட்டால் பின்னர் சண்டை வராது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி கடைக்காரர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும், குறித்த விலைக்கு மேல் விற்கக்கூடாது. போத்தல் தண்ணீருக்கு 2025 ஏப்ரல் 1 முதல் வர்த்தமானி மூலம் உச்ச விலை வந்தது: அரை லீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா, ஒன்றரை லீற்றர் 130 ரூபா. கடல் கடந்து கொண்டுவந்தோம் என்பது கூட்டி விற்க நியாயமல்ல. அதே நேரம் தீவுகளில் நன்னீர் அரிது. குடிநீரையும் மருந்தையும் தேவையான காசையும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது.

தீவு மக்களின் உரிமை

விருந்தாளிகளான நமக்கும் கடமை உண்டு. வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி ஆகியவை நெடுந்தீவு மக்களின் உயிர்நாடியாகக் கொண்டுவரப்பட்ட படகுகள். ஆசிரியர், தாதியர், சிகிச்சைக்குப் போகும் நோயாளி, பால்மாவும் மரக்கறியும் வாங்கி வரும் தாய் எல்லோரும் படகில்தான் வரவேண்டும். தீவில் ஒருவருக்குக் கடும் சுகவீனம் என்றால் கடல் கடந்தே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். ஊரவரை வரிசையில் முன்விடுங்கள். கூட்டமாகப் போவதானால் வேறு படகு ஒழுங்கு செய்யுங்கள்.

நெடுந்தீவின் கோட்டையும் முருகைக்கல் வேலிகளும் அந்த மண்ணின் சொத்து. தொல்பொருட் சின்னத்தைச் சிதைப்பது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம். சுவரில் பெயர் கீறுவதும் அதில் அடங்கும். குதிரைகளுக்கு உணவு நீட்டி அருகில் அழைக்க வேண்டாம்.

தவறு நடந்தால் எங்கே போவது?

உயிருக்கு ஆபத்து என்றால் பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. வடக்கில் 1990 சேவை 2018 ஜூலை 21 முதல் இயங்குகிறது. விலை, தரம், பற்றுச்சீட்டு தொடர்பான முறைப்பாட்டுக்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977. சேவை மோசமாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். கொழும்பு போன்ற வெளிமாகாண பஸ்கள் பற்றி 1955, சுற்றுலா சேவைகள் பற்றி 1912. பொலிஸ் நிலையத்திலும் அரச அலுவலகத்திலும் தமிழில் முறையிடுவது அரசியலமைப்புத் தந்த உரிமை. விளங்காத மொழியில் எழுதிய முறைப்பாட்டில் ஒப்பமிடாதீர்கள்.

பலர் அறியாத இன்னொரு வழி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். குறிகட்டுவானில் ஓடும் படகுகள் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டன, எத்தனை பேருக்கு அனுமதி, எந்தப் படகுக்குக் காப்புறுதி இல்லை என்று சம்பந்தப்பட்ட அரச அலுவலகத்திடம் எந்தப் பிரஜையும் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் ஊரிலுள்ள உறவினர் மூலம் கேட்கலாம். ஒரு சனசமூக நிலையமோ பழைய மாணவர் சங்கமோ ஆண்டுக்கொரு முறை இந்தக் கேள்வியைக் கேட்டாலே அதிகாரிகள் விழிப்பாக இருப்பார்கள்.

படகோட்டிகள் நம் எதிரிகள் அல்லர். நாள் முழுவதும் வெயிலிலும் உப்புக்காற்றிலும் உழைப்பவர்கள் அவர்கள். ஆனால் பயணிகள் எல்லோரும் முண்டியடித்து ஏறும்வரை, அளவோடு ஏற்றும் நேர்மையான படகோட்டிக்கே நட்டம். நாம் அடுத்த படகுக்கு நின்றால் சட்டத்தை மதிப்பவருக்கு அது ஆதரவு. அடுத்த விடுமுறையில் தீவகம் போகும்போது இந்த ஐந்து கேள்விகளையும் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், எவ்வளவு பிந்தினாலும், பிள்ளைகளை அந்தப் படகில் ஏற்றாதீர்கள்.