பல்கலைக்கழக நூலகங்களில் தன்னியக்க முகாமைத்துவம்: மாத்தளைத் தமிழ் நூல்களை முன்னிறுத்திய ஒரு விளக்கம்

நூலகம் ஒன்றின் பயன் அதன் நூற்றொகையால் மட்டும் அமைவதன்று; வேண்டிய நூலை வேண்டிய வேளையிற் கண்டெடுக்க உதவும் பட்டியலாலும் அமைவது. இப்பட்டியல் அட்டைப் பேழையிலிருந்து கணனிக்கு மாறியமை இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் அண்மைத் தசாப்தங்களிற் கண்ட பெருமாற்றமாகும். அம்மாற்றத்தின் விளைவுகளை, மாத்தளை மாவட்டத்தோடு தொடர்புடைய எடுத்துக்காட்டுகள் கொண்டு விளக்குவதே எமது நோக்கம்.

மாத்தளையை நாம் தெரிவுசெய்தமைக்குக் காரணமுண்டு. அதுவரை வாய்மொழியாகப் பேணப்பட்ட பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் மாத்தளை நகரை அடுத்த அலுவிகாரையிலேயே ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலத்தில் அவ்விகாரையின் ஏடுகள் பல அழிந்தன என்பர். இவை இரண்டு உண்மைகளைப் புலப்படுத்துகின்றன. ஊடகம் மாறும்போது எது புதியதனுட் புகுகின்றது, எது விடுபடுகின்றது என்பதே முதன்மையான வினா என்பது ஒன்று. ஒரேயொரு பிரதியாக நிற்பது நிலையற்றது என்பது மற்றொன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டமை இரண்டாவது உண்மையை எமது தலைமுறைக்கு மீண்டும் உணர்த்திற்று.

தன்னியக்க முறை என்பது நூற்கொள்வனவு, பட்டியலாக்கம், இரவல் வழங்கல், பருவ இதழ்ப் பதிவு ஆகியவற்றை ஒரே தரவுத்தளத்தில் இணைப்பது. முன்னர் ஒரு நூலுக்கு ஆசிரியர், தலைப்பு, பொருள் எனத் தனித்தனி அட்டைகள் எழுதவேண்டியிருந்தது. இன்று ஒருமுறை பதிந்த தரவே எல்லா வழிகளிலும் தேடலுக்கு உதவுகின்றது. நூல் இறாக்கையில் உள்ளதா, இரவலிற் சென்றுள்ளதா என்பதையும் வாசகர் உடனே அறியலாம். இருப்புக் கணக்கெடுப்பும் எளிதாகின்றது. மாத்தளையிலிருந்து பேராதனைக்கு வந்து கற்கும் மாணவர் ஒருவர், புறப்படும் முன்னரே நூலின் இருப்பை அறிய முடிவது சிறு பயனன்று.

வளங் குறைந்த நாடுகளுக்கு இம்மாற்றம் கைகூடியமைக்கு மென்பொருள்களின் விலையும் காரணமாயிற்று. யுனெஸ்கோ நிறுவனம் சிடிஎஸ்/ஐசிஸ் என்னும் மென்பொருளின் நுண்கணனி வடிவத்தை 1985 இல் வெளியிட்டுக் கட்டணமின்றிப் பரப்பியது. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக உருவாகி 2000 இற் செயற்படத் தொடங்கிய ‘கோஹா’ திறந்த மூல மென்பொருளாகும். மவோரி மொழியில் அச்சொல் கொடை எனப் பொருள்படும். இவ்விரண்டும் இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவற்றிற் கையாளப்பட்டுள்ளன.

எனினும் மென்பொருள் இலவசமாயினும் உழைப்பு இலவசமன்று. பழைய அட்டைகள் யாவற்றையும் கணனியில் ஏற்றுதல் பல்லாண்டுப் பணி. இப்பணியைக் குறைக்கப் பிறநாட்டு நூலகங்களின் ஆயத்தப் பதிவுகளைப் பெறுவது வழக்கம். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் கூட்டுப் பட்டியலாக்கம் 1971 இலேயே கணனிவழி தொடங்கிவிட்டது. உலகப் புகழ்பெற்ற ஆங்கில நூலுக்கு இத்தகைய பதிவு ஒரு நொடியிற் கிடைக்கும். மலையகத்தின் சிற்றச்சகமொன்றில் வெளிவந்த கவிதை நூலுக்கோ, தொழிற்சங்கத் துண்டுநூலுக்கோ அவ்வாறு கிடைப்பது அரிது. அதனை இங்குள்ள பட்டியலாளரே புதிதாக ஆக்கவேண்டும். எளியவை முதலிற் பதியப்படின், அரியவை காத்திருக்கும். அட்டைப் பேழையும் அகற்றப்பட்ட பின், பதிவு பெறாத நூல் இறாக்கையில் இருந்தும் இல்லாததாகிவிடும்.

எழுத்துச் சிக்கலும் நோக்கற்பாலது. தமிழ் எழுத்துருக்கள் ஒருமைப்படாத காலத்தில் தமிழ் நூல்களின் விவரங்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்திற் பதியப்பட்டன. மாத்தளை கார்த்திகேசு, மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் ஆகியோரின் பெயர்களை நோக்குவோம். ஊர்ப்பெயருக்கு ஆங்கில நிருவாக வழக்கின் எழுத்துக்கூட்டல் ஒன்று. தமிழொலியைத் தழுவியது வேறொன்று. புள்ளியும் கோடும் இட்ட ஆய்வுமுறை எழுத்துப்பெயர்ப்பு இன்னொன்று. ஊர்ப்பெயர் முதலில் நிற்பதா, இயற்பெயர் முதலில் நிற்பதா என்பதும் வேறுபடும். இவ்வாறு ஓராசிரியர் பலராகச் சிதறுவர். மனிதக் கண் உணரும் ஒற்றுமையைப் பொறி தானாக உணராது.

தமிழ் எழுத்துகள் 1991 இலேயே யுனிகோட் நியமத்தில் இடம்பெற்றன. ஆயினும் அகரவரிசைச் சிக்கல் எஞ்சியது. அந்நியமத்தின் குறியெண் வரிசையில் ‘ன’ இறுதியில் வாராது ‘ந’வை அடுத்து வருகின்றது; ‘ற’ ‘ர’வை அடுத்து வருகின்றது. வரிசைப்படுத்தும் விதியைத் தனியே அமைக்காவிடின், பட்டியல் தமிழ் மரபிற்கு மாறாக ஒழுங்காகும். வேற்றுமையுருபும் சந்தியும் மேலும் இடர் தருவன. ‘மலையகம்’ எனத் தேடுவார்க்கு ‘மலையகத்தின்’ எனத் தொடங்கும் தலைப்பு அகப்படாது போகலாம்.

இரவற் பதிவேட்டிலும் கருத்தூன்றல் வேண்டும். எவர் எந்நூலைப் படித்தார் என்பதைத் தன்னியக்க முறை ஆண்டுக்கணக்கிற் சேமிக்கவல்லது. கருத்துச் சுதந்திரத்தைப் போற்றும் பல்கலைக்கழகம் நூல் மீண்டதும் அவ்விணைப்பை அழிக்கும் விதியை வகுத்தல் தகும். கோஹா போன்ற மென்பொருள்களில் இதற்கு வழியுண்டு. பயன்படுத்துவதா என்பது நிருவாகத்தின் தெரிவு.

ஆகவே தன்னியக்கத்தை மறுப்பது எமது கருத்தன்று. தமிழ் நூல்களைத் தமிழ் எழுத்திலேயே பதிதல், ஒருவரின் பெயர் வடிவங்கள் அனைத்தையும் இணைக்கும் கோப்பைப் பேணல், பிரதேச வெளியீடுகளுக்கு முன்னுரிமை அளித்தல், பட்டியலின் பிரதிகளை வெவ்வேறு இடங்களில் வைத்தல் ஆகியன உடன் வேண்டப்படுவன. இவற்றைச் செய்தற்குத் தமிழறிந்த பட்டியலாளர் போதிய அளவில் நியமிக்கப்படல் வேண்டும். பொறி வந்துவிட்டமையால் அவர் தேவையற்றவர் ஆனார் எனக் கொள்வது பிழை. எந்நூலை முதலிற் பதிவது, எப்பெயரில் இணைப்பது என முடிவு செய்பவர் இன்றும் அவரே.