பலத்த காற்றும் அமெச்சூர் வானொலி ஆன்டெனாக்களும்

புயலில் மின்சாரமும் தொலைபேசியும் போன பிறகுதான் அமெச்சூர் வானொலி (ஹாம் ரேடியோ) நிலையத்தின் தேவை கூடுகிறது. ஆனால் அதே புயலில் எளிதில் விழக்கூடியது அந்நிலையத்தின் ஆன்டெனாவே. 2017 செப்டம்பரில் மரியா புயல் தாக்கியபோது போர்ட்டோ ரிக்கோ தீவில் ஏறத்தாழ 95 விழுக்காடு செல்பேசி நிலையங்கள் செயலிழந்தன. அப்போது அமெரிக்காவிலிருந்து 22 ஹாம் தன்னார்வலர்கள் கருவிகளுடன் அங்கு அனுப்பப்பட்டனர்.

காற்றின் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப உயரும். மணிக்கு 50 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்தும். 150 கி.மீ. காற்றில் அது சுமார் 108 கிலோ. வேகம் மூன்று மடங்கு, விசை ஒன்பது மடங்கு. அரை சதுர மீட்டர் பரப்புள்ள யாகி ஆன்டெனா 10 மீட்டர் கம்பத்தின் உச்சியில் இருந்தால், அந்த 54 கிலோ விசையும் நெம்புகோல் போலக் கம்பத்தின் அடியை வளைக்கும். ஆன்டெனா உறுதியாக இருந்தும் கம்பம் மடங்குவது இதனால்தான்.

இதைத் தடுப்பவை இழுகம்பிகள் (ஸ்டே கம்பி). ஒரே மட்டத்தில் மூன்று கம்பிகளை 120 பாகை இடைவெளியில் கட்டுவர். அவை வானொலி அலையை வாங்காதிருக்க இடையிடையே முட்டை வடிவப் பீங்கான் கோக்கப்படும். மின்கம்பங்களின் இழுகம்பியில் காணும் அதே பீங்கான்தான். இரு கம்பி வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருப்பதால் பீங்கான் உடைந்தாலும் கம்பி விடுபடாது.

40 மீட்டர் அலைவரிசைக்கான கம்பி இருமுனை ஆன்டெனா 20 மீட்டர் நீளமுடையது. கம்பி 2 மி.மீ. தடிமனானால் காற்று படும் பரப்பு 0.04 சதுர மீட்டர் மட்டுமே. இதற்கு ஆபத்து மரத்தில் கட்டும்போது வருகிறது: மரம் ஆடினால் கம்பி அறும். ஒரு முனையைக் கப்பியின் வழியே விட்டு எடையைத் தொங்கவிட்டால், மரம் சாயும்போது எடை மேலேறி இழுவையைத் தாங்கிக்கொள்ளும். அப்படியும் அறுந்தால் அரை மணி நேரத்தில் வேறு கம்பி கட்டலாம். மடங்கிய கம்பத்தை அப்படி நிமிர்த்த முடியாது.

மெல்லிய காற்றும் தீங்கற்றதன்று. சீரான காற்றில் அலுமினியக் குழாய்கள் இடைவிடாது அதிர்ந்து, நாளடைவில் உலோகம் சோர்ந்து விரிசல் விடும். குழாயினுள் ஒரு கயிற்றை நுழைத்து வைத்தால் அதிர்வு அடங்கும்.

புயல் எச்சரிக்கை வந்ததும், சாய்க்கக்கூடிய கம்பத்தைக் காற்று வலுக்குமுன் இறக்கிவிடுவதே நல்லது. எந்தக் கம்பமானாலும், அது விழுந்தால் எட்டும் தொலைவுக்குள் மின்கம்பி இருக்கக் கூடாது.