சந்தம் தட்டினால்

அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் பதினாறாயிரம் என்பார்கள். இன்று திருத்தணி மலைப்படிகளில் பாடிக்கொண்டு ஏற நமக்கு மிஞ்சியவை 1,300 சொச்சம். அவற்றையும் ஓலைச்சுவடிகளில் தேடித் திரட்டி, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்சேற்றத் தொடங்கியவர் வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. அவர் மகன் செங்கல்வராய பிள்ளைக்குப் பட்டமே ‘தணிகைமணி’.

ஏடு எழுதுபவர் ஓர் எழுத்தை விட்டுவிட்டால்? உரைநடையானால் யார் கண்ணிலும் படாமல் போகலாம். திருப்புகழில் சந்தம் தட்டும். தத்தன தத்தன என்று ஓடும் அடி ஓரிடத்தில் நொண்டினால் பிழை அங்கேதான். ஆனால் விடுபட்ட எழுத்து எது என்று சந்தம் சொல்லாது. அதற்கு இன்னொரு சுவடி வேண்டும்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் குடும்பப் படங்களைச் சேர்த்துவைக்க எந்த இயங்குதளம் போடலாம் என்று யாராவது கேட்டால் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும். ஹார்டு டிஸ்க்கும் ஓலைதான். கரையான் இல்லை, அவ்வளவே. எழுதிவைத்த பிட் ஒன்று சத்தமில்லாமல் மாறிவிடலாம். பத்து வருடம் கழித்துத் திறக்கும்போது கல்யாணப் படத்தில் பாதி சாம்பல் பட்டை. இரண்டு டிஸ்க்கில் ஒரே படத்தை வைத்தால் மட்டும் போதாது. இரண்டும் வேறுபட்டால் எதை நம்புவது?

சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ அரென்ஸும் 2001இல் தொடங்கிய இசட்.எஃப்.எஸ். கோப்பு முறை இதற்கு விடை வைத்திருக்கிறது. ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் 256 பிட் சரிபார்ப்பு எண் ஒன்றைக் கணக்கிட்டு, அதைத் துண்டோடு வைக்காமல் அந்தத் துண்டைச் சுட்டும் மேல்துண்டில் வைக்கிறது. சுப்பிரமணிய பிள்ளை முன்சீப்பாக இருந்தவர்; அவருக்கு இது பிடித்திருக்கும். குற்றவாளியிடமே சாட்சி கேட்பதில்லை! படிக்கும்போது எண் ஒத்துவராவிட்டால், அடுத்த டிஸ்க்கிலிருந்து நல்ல நகலை எடுத்துக் கெட்டதைத் திருத்திவிடும். பழையதன் மேலேயே எழுதாமல் வேறிடத்தில் எழுதி முடித்த பிறகே சுட்டியை மாற்றுவதால், நடுவில் கரன்ட் போனாலும் பழைய நகல் பத்திரம்.

ஆகவே, இயங்குதளத்தின் பெயரைவிட அதன் அடியில் இருக்கும் கோப்பு முறைதான் முக்கியம். ட்ரூநாஸ் என்ற இயங்குதளத்தில் இசட்.எஃப்.எஸ். கூடவே வரும், 8 ஜிபி ராமாவது கேட்கும். டெபியன் மேல் கட்டிய ஓப்பன்மீடியாவால்ட் சின்ன ராஸ்பெரி பையிலும் ஓடும். ஆனால் அதில் பலரும் போடும் இ.எக்ஸ்.டி.4 கோப்பு முறை உங்கள் தரவுக்குச் சந்தம் பார்ப்பதில்லை, பி.டி.ஆர்.எஃப்.எஸ். பார்க்கும். ராம் இருந்தால் நான் ட்ரூநாஸ் பக்கம்.

மாதம் ஒருமுறை டிஸ்க் முழுவதையும் வாசித்துச் சரிபார்க்கச் சொல்லி வையுங்கள். இடி விழுந்து இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து போனால் எந்த இயங்குதளமும் கைகொடுக்காது. மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் நகரியில் அத்தை வீடு இருந்தால், பீரோவில் ஒரு டிஸ்க்குக்கு இடம் கேட்டு வையுங்கள்.