எழுத்தெண்ணுதலும் பைட்டெண்ணுதலும்

கட்டளைக் கலித்துறையின் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்துகள் பெறும். நிரையசையில் தொடங்கினால் 17 பெறும். தொடக்கத்தைக் கண்ட அளவிலேயே அடியின் நீளம் புலனாகிறது. கணினிகள் தம்முள் செய்தி பரிமாறும் முறைகளுள் ஒன்றும் இத்தகைய முன்னறிவிப்பின்மேல் அமைந்ததே. அதனைத் தமிழ் பயில்வோர் ஏன் அறிதல் வேண்டும் என்பதை ஈண்டுக் காண்போம்.

தாசேக் கெலுகோரிலுள்ள ஒரு கணினி, ஜார்ஜ் டவுனிலுள்ள மற்றொன்றுக்குச் செய்தி அனுப்புவதாகக் கொள்வோம். சாக்கெட் எனப்படும் இணைப்பு முனைகளின் வழியே பைட்டுகள் செல்கின்றன. டிசிபி நெறிமுறை அவற்றை வரிசை மாறாமல் சேர்ப்பிக்கும். ஆயின், ஒரு செய்தி எங்கே முடிந்தது என்பதை அது உரைப்பதில்லை. இருமுறை அனுப்பியவை ஒருங்கே வரலாம். ஒருமுறை அனுப்பியது துண்டு துண்டாகவும் வரலாம். சொற்களுக்கிடையே இடைவெளியில்லாத ஓலைச்சுவடியைப் படிப்பவரின் நிலையே பெறும் கணினியின் நிலையும்.

ஆதலால், ஒவ்வொரு செய்திக்கும் முன்னர் அதன் நீளத்தை, பெரும்பாலும் 4 பைட்டுகளில், எழுதி அனுப்புவர். பெறும் நிரல் முதற்கண் அந்நான்கும் வந்து சேரும்வரை மீண்டும் மீண்டும் படிக்கும். பின்னர், அவை குறித்த அளவு நிறையும்வரை படிக்கும்.

எதன் நீளத்தை எழுதுவது என்பதே இங்கு எழும் வினா. 'வணக்கம்' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒற்று நீக்கி எண்ணினால் 3. இலக்கணப்படி எழுத்துகள் 5. ஒருங்குறியில் புள்ளி தனிக்குறியாதலின் குறிகள் 7. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு ஆதலின் மொத்தம் 21 பைட்டுகள். இணைப்பில் செல்வன பைட்டுகளே. எழுத வேண்டிய நீளம் 21.

நிரலர் 7 என எழுதிவிட்டால் நிகழ்வது யாது? பெறும் கணினி 'வண' என்பதனையும், ககரத்தின் முதற்பைட்டையும் மட்டும் பெற்று, செய்தி முடிந்ததெனக் கொள்ளும். எஞ்சியவற்றுள் அடுத்த 4 பைட்டுகளை மறுசெய்தியின் நீளமாகப் படிக்கும். பெரும்பகுதி முதலில் வரும் வழக்கமான வரிசையில் அவ்வெண் 2,929,057,967 ஆகும். ஏறத்தாழ 293 கோடி பைட்டுகளை நோக்கி அது காத்துக்கிடக்கும்.

'ஹலோ' என்பதன் ஆங்கில வடிவில் எழுத்தும் 5, பைட்டும் 5. எனவே, ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலில் இப்பிழை வெளிப்படாது; தமிழ் எழுதுவோரிடமே அது வெளிப்படும். பழியும் தமிழ் எழுத்துமுறையின்மேல் விழும்.

ஆகவே மாணவர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் நான்கு. முதலில் செய்தியைப் பைட்டுகளாக்கி, அதன்பின் எண்ணுக. நீளத்திற்கு ஓர் உச்ச வரம்பு வகுத்து, அதனை மீறுவதை ஏற்காது விடுக. செய்தி நிறையுமுன் இணைப்பு அறுந்தால், வந்ததை முழுச்செய்தியாகக் கொள்ளற்க. அனைத்துப் பைட்டுகளும் சேர்ந்த பின்னரே எழுத்தாக மாற்றுக. இடையில் மாற்றினால் ஒரு குறி நடுவே பிளவுபடலாம்.

நிரலைச் சோதிக்கும்போது ஒரு தமிழ்ச் சொல்லையேனும் அனுப்பிப் பார்க்குமாறு மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன்.